தலைக்கு வந்தது காலோடு போகுமா?

பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பவர் முடி வெட்டுபவர்தான். பின்னந்தலையில் மெஷினை ஓட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்துவார். "அண்ணே, இங்க புழுவெட்டு மாதிரி இருக்கே" என்று கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவார். ஒரு ரூபாய்க் காசை வைத்து வரைந்தது போல ஒரு வட்டம் தெரியும். வலி இல்லை, அரிப்பு இல்லை, செதில் இல்லை. போன வாரம் அங்கே முடி இருந்ததா என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது.

அன்றிரவே தேடல் தொடங்கிவிடும். சின்ன வெங்காயத்தில் ஆரம்பித்து, மிளகு, ஆற்றுத்தும்மட்டிக்காய் என்று நகர்ந்து, எப்படியோ சீனாவுக்குப் போய்ச் சேரும். உள்ளங்காலில் இன்ன இடத்தை அழுத்துங்கள், மூலிகை வெந்நீரில் பாதத்தை ஊறவையுங்கள், தலையில் முடி முளைக்கும்.

தலையில் விழுந்த வட்டத்துக்கும் உள்ளங்காலுக்கும் என்ன சம்பந்தம்? சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. ஈராயிரம் வருடப் பழக்கமுள்ள ஒரு மருத்துவச் சிந்தனை இதன் பின்னால் இருக்கிறது. அதோடு, வெறும் நூறு வருடத்து அமெரிக்கச் சரக்கு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதால்தான் குழப்பம்.

முதலில் நோயின் பெயர். நாம் புழுவெட்டு என்கிறோம், ஏதோ புழு உட்கார்ந்து முடியைத் தின்றுவிட்ட மாதிரி. சீனர்கள் பேச்சு வழக்கில் 'பேய் மழித்த தலை' என்கிறார்கள். ராத்திரி தூங்கும்போது பேய் வந்து சிரைத்துவிட்டுப் போய்விட்டதாம். கிரேக்கர்களுக்கு நரி ஞாபகம் வந்திருக்கிறது. அலோபீசியா என்ற மருத்துவச் சொல்லே நரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்; சொறி பிடித்து முடி கொட்டிய நரி. காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது ஆளுக்கொரு பிராணியைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் கவனித்துப் பார்த்ததில் சீனர்கள் குறை வைக்கவில்லை. கி.பி. 610-ல், சுய் வம்சத்து அரண்மனை மருத்துவர் சாவ் யுவான்ஃபாங் நோய்களின் காரணங்களைத் தொகுத்தபோது இதற்குப் 'பேய் நக்கிய தலை' என்று தனித் தலைப்பே கொடுத்தார். காசளவு அல்லது விரலளவு இருக்கும், முடி முளைக்காது, அரிப்பும் இராது என்கிறது அந்தக் குறிப்பு. இன்றைக்கு ஒரு தோல் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் கிட்டத்தட்ட இதேதான். ஆயிரம் வருடம் கழித்து, 1617-ல், மிங் காலத்து அறுவை மருத்துவர் சென் ஷிகோங் இதை 'எண்ணெய்க் காற்று' என்று அழைத்தார். முடி பத்தை பத்தையாக விழும், தோல் பளபளக்கும், புழு ஊர்வது போல அரிக்கும் என்று எழுதினார். சாவ் அரிப்பில்லை என்றார், இவர் உண்டு என்கிறார். இரண்டு வகை நோயாளியும் இன்றும் உண்டு. நம்ம ஊர்ப் புழு அங்கேயும் எட்டிப்பார்ப்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

உண்மையில் அங்கே புழுவும் இல்லை, பேயும் இல்லை. நம் உடம்பின் காவல்காரனே கை வைத்துவிடுகிறான். தமிழில் முடிக்கும் ஒரு கால் உண்டு, மயிர்க்கால். வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் மயிர்க்காலை நோய் எதிர்ப்பு அணுக்கள் பொதுவாகத் தொந்தரவு செய்வதில்லை. அந்த இடத்துக்கு ஒரு சலுகை உண்டு. அலோபீசியா ஏரியேட்டா என்னும் இந்த நோயில் அந்தச் சலுகை பறிபோகிறது. டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்காலின் அடிக்குமிழைச் சுற்றி மொய்க்கின்றன. நுண்ணோக்கியில் அது தேனீக் கூட்டம் போலத் தெரியும் என்றுதான் பாடப்புத்தகங்களே வர்ணிக்கின்றன. முடி அடியில் மெலிந்து, முறிந்து, விழுந்துவிடுகிறது.

வட்டத்தின் விளிம்பை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நுனி தடித்தும் அடி ஒல்லியாகவும் குட்டை குட்டையாகச் சில முடிகள் நிற்கலாம். டாக்டர்கள் இதற்கு 'ஆச்சரியக்குறி முடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அசல் '!' போலவே இருப்பதால். அவை தெரிந்தால் நோய் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகளும் இருக்கும். வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வர 100 பேரில் சுமார் 2 பேருக்கு வாய்ப்பு உண்டு. அபூர்வ நோய் இல்லை.

இங்கே ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான் வரப்போகிறது. இந்த நோயில் மயிர்க்கால் சாவதில்லை. உறங்குகிறது. தேனீக் கூட்டம் கலைந்தால் மறுபடி முளைக்கும். பெரும்பாலும் முதலில் வெள்ளையாகப் பூனைமுடி, அப்புறம் கறுப்பு.

இனி சீன வைத்தியத்தின் கணக்கைப் பார்ப்போம். முடியைப் பற்றி அங்கே இரண்டு அடிப்படை வாசகங்கள் உண்டு. ஒன்று, முடி என்பது ரத்தத்தின் மிச்சம். உடம்புக்குச் செலவானது போக ரத்தம் உபரியாக இருந்தால்தான் முடிக்குப் போய்ச் சேரும். இரண்டாவது, சிறுநீரகத்தின் செழிப்பு தலைமுடியில் தெரியும். இரண்டாவதைப் படித்துவிட்டு யாரும் கிரியேட்டினின் டெஸ்டுக்கு ஓட வேண்டாம். அவர்கள் சொல்லும் 'சிறுநீரகம்' ஸ்கேனில் தெரியும் அவரைக்கொட்டை உறுப்பு இல்லை. பிறப்போடு வந்த உயிர்ச்சத்து, வளர்ச்சி, முதுமை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு கருத்து. நம்ம சித்த வைத்தியர் 'பித்தம் ஏறியிருக்கு' என்றால் பித்தப்பையில் கல் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லையே, அது மாதிரி.

அந்தச் சிறுநீரகத்துக்கு உடம்பில் ஓர் ஓடுபாதை உண்டு. சுண்டுவிரலுக்கு அடியில் தொடங்கி, உள்ளங்காலைக் குறுக்கே கடந்து, மேலே ஏறுகிறது. அதன் முதல் புள்ளி உள்ளங்காலில் இருக்கிறது. கால்விரல்களை உள்பக்கம் மடக்கினால், பாதத்தின் முன்பகுதியில் ஒரு சிறு பள்ளம் விழும். அதுதான். பெயர் யோங்ச்சுவான், பொங்கும் ஊற்று. சிறுநீரகப் பாதைக்கு ஜோடியான சிறுநீர்ப்பைப் பாதையோ கண்ணின் உள்மூலையில் தொடங்கி, உச்சந்தலையைத் தாண்டி, முதுகு வழியாக இறங்கி, சுண்டுவிரல் நுனியில் முடிகிறது. ஆக, இந்த வரைபடத்தில் உச்சந்தலையும் கால் சுண்டுவிரலும் ஒரே கோட்டின் மேலே கீழே உள்ள ஊர்கள்.

'மஞ்சள் பேரரசரின்' பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூலின் லிங்ஷூ பகுதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நோய் மேலே இருந்தால் கீழே பிடி, தலையில் இருந்தால் காலில் பிடி. கண் எரிச்சலுக்கு உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிவிடும் நம்ம பாட்டிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது. உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்ப்பதும் அங்கே பழைய வழக்கம்தான். 11-ம் நூற்றாண்டுக் கவிஞர் சூ தோங்போ தன் உடல்நலக் குறிப்புகளில் அதைப் பரிந்துரைத்திருக்கிறார்.

இதுவரை கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் புழுவெட்டு என்று வந்தபோது அந்தப் பழைய வைத்தியர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? சென் ஷிகோங்கையே எடுத்துக்கொள்வோம். உள்ளுக்கு ரத்தம் ஊட்டும் ஒரு மாத்திரை கொடுக்கிறார். வெளிப் பூச்சுக்கு மாசிப்பத்திரி இனத்து இலை, சாமந்திப்பூ, புதினா வகைகளைப் போட்டுக் காய்ச்சிய கஷாயம். அதில் முதலில் ஆவி பிடித்து, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு தொட்டுக் கழுவச் சொல்கிறார். எதை? தலையை. காலை இல்லை.

இன்றைய சீன மருத்துவமனைகளின் பாரம்பரிய வைத்தியப் பிரிவுக்குப் போனாலும் இதேதான் நடக்கும். ஒரு கைப்பிடியின் முனையில் சின்னச் சின்ன ஊசிகள் பதித்த 'பிளம் பூ ஊசி' என்ற கருவியால் வழுக்கை வட்டத்தின் மேலேயே லேசாகத் தட்டித் தட்டிச் சிவக்க வைப்பார்கள். நறுக்கிய இஞ்சியை வட்டத்தின் மேல் தேய்க்கச் சொல்வார்கள். கஷாயம் எழுதித் தருவார்கள். கால் வழியாகத் தலையைப் பிடிக்கலாம் என்ற தத்துவம் நூலில் இருந்தாலும், புழுவெட்டைக் கண்டதும் வைத்தியர்களின் கை நேராகத் தலைக்குத்தான் போயிருக்கிறது.

அப்படியென்றால் காலில் முடி வைத்தியம் எங்கிருந்து வந்தது? பாதக் கடைகளிலிருந்து. சீன நகரங்களில் தடுக்கி விழுந்தால் ஒரு பாதக் கடை. சாய்வு நாற்காலி, எதிரே டிவி, மரத்தொட்டியில் பழுப்பு நிறத்தில் ஆவி பறக்கும் மூலிகைத் தண்ணீர். இஞ்சி, மாசிப்பத்திரி, குசும்பப்பூ வாசனை. முழங்கால் வரை பேண்டைச் சுருட்டி, காலை உள்ளே விட்டதும் முதல் அரை நிமிடம் 'ஐயோ' என்று இருக்கும், அப்புறம் தோள்பட்டை தானாக இறங்கும். பத்து இருபது நிமிடம் ஊறிய பிறகு காலைத் துடைத்து, துண்டில் சுற்றி, ஒற்றைக் காலாக வெளியே எடுத்து மசாஜ் செய்பவர் வேலையைத் தொடங்குவார். விரல் நுனியால் இல்லை, மடக்கிய ஆள்காட்டி விரலின் முட்டியால். கட்டைவிரலின் அடியில் ஒரு அழுத்து. நீங்கள் துள்ளினால், "இங்கே வலிக்கிறதா? தலைப் பகுதி. ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை, இல்லையா?" என்பார். எங்கே அடைப்போ அங்கே வலி, ஓட்டம் சரியானால் வலி இல்லை என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. அதுதான் அங்கே ரோக நிதானம். நகரத்தில் வேலை பார்க்கும் யாரிடம் கேட்டாலும் தூக்கம் சரியில்லை என்றுதான் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

முடி கொட்டுகிறது என்று சொன்னால் தலை, சிறுநீரகம், தைராய்டு என்று பாதத்தில் நாலைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒரு கோர்ஸ் எடுங்கள் என்பார்கள். ஒரு கோர்ஸ் என்பது பத்து முறையோ அதற்கு மேலோ. முன்பணம் கட்டினால் கார்டு, கார்டு எடுத்தால் தள்ளுபடி.

இந்த வியாபாரத்தைப் பற்றிச் சீன அரசாங்கம் என்ன நினைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை அல்லாத மசாஜ், பாதக் கடைகள் தங்கள் விளம்பரத்தில் 'சிகிச்சை' என்ற சொல்லையோ நோய்களின் பெயரையோ பயன்படுத்தக் கூடாது என்று 2005-லேயே அங்கே சுகாதார அமைச்சகமும் பாரம்பரிய மருத்துவ நிர்வாகமும் சேர்ந்து சுற்றறிக்கை விட்டிருக்கின்றன. சீனாவின் சட்டப்படியே அது உடம்பைத் தேற்றும் சேவை, வைத்தியம் இல்லை. கடல் தாண்டி நம்மிடம் வரும்போது மட்டும் 'சீனப் பாரம்பரிய சிகிச்சை' என்று பட்டம் கட்டிக்கொள்கிறது.

அந்தக் கடைகளின் சுவரில் ஒரு படம் தொங்கும். இரண்டு உள்ளங்கால்கள், அதில் வண்ண வண்ணமாக நுரையீரல், இரைப்பை, சிறுநீரகம், மூளை. சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் ஏதோ ஹான் வம்சத்துப் பட்டுச்சுருளிலிருந்து எடுத்தது போல இருக்கும். அது சீனப் படமே இல்லை.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் இருந்தார். உடம்பைத் தலை முதல் கால் வரை பத்து நெட்டைக் கோடுகளாகப் பிரிக்கலாம், ஒரு கோட்டில் எங்கே அழுத்தினாலும் அதே கோட்டின் இன்னொரு இடத்தில் பலன் தெரியும் என்று 1917-ல் இன்னொரு டாக்டரோடு சேர்ந்து புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்கப் பெண்மணி அந்தக் கோடுகளைப் பாதத்துக்குள் அடக்கி, உறுப்பு உறுப்பாகப் படம் வரைந்தார். அந்த முறை ஐரோப்பாவுக்குப் போனது. சுவிட்சர்லாந்தில் ஒரு நர்ஸ் அதைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். அந்தப் புத்தகம், தைவானின் கிழக்குக் கரையில் தாய்டுங் பக்கம் ஊழியம் செய்துகொண்டிருந்த ஜோசஃப் யூக்ஸ்டர் என்ற சுவிஸ் கத்தோலிக்கப் பாதிரியார் கைக்கு வந்தது. அவருக்கு மூட்டுவலி. தன் காலிலேயே முயன்று பார்த்தார், குணம் தெரிந்தது என்றார், ஊர் மக்களுக்கும் செய்துவிட்டார். 1980 வாக்கில் பத்திரிகைகள் எழுத, கூட்டம் கூடியது. தைவானில் அவரை வூ பாதிரியார் என்று இன்றும் தெரியும். அங்கிருந்துதான் ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர், அப்புறம் சீனப் பெருநிலம் முழுக்க இந்தப் படம் பரவியது.

சீனாவுக்கென்று சொந்தமாகப் பாதத் தொழில் இல்லாமல் இல்லை. யாங்ஜோ நகரத்துக்கு மூன்று கத்திகளால் பெயர்: சமையல் கத்தி, சவரக் கத்தி, பாதத்தில் ஆணியும் நகமும் செதுக்கும் கத்தி. குளியல் விடுதிகளில் வேலை செய்த அந்தக் கைகளும், யோங்ச்சுவான் புள்ளியும், வெந்நீர்த் தொட்டியும், அமெரிக்கப் படமும் ஒன்றாகக் கலந்ததுதான் இன்றைய 'சீனப் பாரம்பரியப் பாத சிகிச்சை'. கலந்தது தப்பில்லை. நம்ம சிக்கன் 65-க்குக்கூட ஊர் இன்னதென்று யார் சொல்வது. ஆனால் 'ஈராயிரம் வருடம் சோதித்துப் பார்த்தது' என்று சொல்லி விற்கும்போது, எந்தப் பகுதிக்கு எத்தனை வயது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இருக்கட்டும். பழசோ புதுசோ, செய்துகொண்ட பலருக்கு முடி முளைத்ததே, அதற்கு என்ன பதில்?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சீனாவின் குவாங்ஜோ நகரத்தில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர். ஜனவரி முதல் வாரம் சலூனில் வட்டம் கண்டுபிடிக்கப்படுகிறது. முதல் மாதம் இஞ்சி தேய்க்கிறார். வட்டம் பெரிதாகிறது. பிப்ரவரியில் இன்னொரு வட்டம். ஷாம்பூவை மாற்றுகிறார், வைட்டமின் மாத்திரை வாங்குகிறார். மார்ச் நடுவில் வட்டம் ஐந்து ரூபாய்க் காசைவிடப் பெரிதாகி, தொப்பி போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார். பயம் உச்சத்துக்கு வந்த அந்த வாரம்தான் யாரோ சொன்னார்கள் என்று பாதக் கடையில் கார்டு எடுக்கிறார். வாரம் இரண்டு முறை. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் விரலால் தடவும்போது பூனைமுடி தட்டுப்படுகிறது. ஜூனில் கறுக்கிறது. இனி இவரிடம் போய் அது பாதத்தால் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் தனியாக ஒன்றிரண்டு வட்டங்களோடு வரும் புழுவெட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமல் ஒரு வருடத்துக்குள் முடி திரும்பிவிடுகிறது. பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கத்தின் 2012 வழிகாட்டுதல், நோய் தொடங்கி ஒரு வருடம் ஆகாத, சிறிய வட்டங்கள் உள்ளவர்களில் 80 சதவீதம் வரை தானாகச் சரியாகலாம் என்கிறது. அதனாலேயே, எதுவும் செய்யாமல் காத்திருப்பதையும் நியாயமான ஒரு வழியாக அது ஏற்கிறது. நாம் எப்போது வைத்தியத்துக்குப் போகிறோம்? நோய் மோசமாக இருக்கும்போது. தானாக ஏறித் தானாக இறங்கும் ஒரு நோய்க்கு, உச்சியில் எதைக் கையில் எடுத்தாலும் அதற்கடுத்து இறக்கம்தான். வெங்காயம் எடுத்தவர் வெங்காயத்தைச் சொல்வார், மந்திரித்தவர் மந்திரத்தைச் சொல்வார், பாதக் கடைக்காரர் பாதத்தைச் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. முளைக்காதவர் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

இந்தப் பொறியில் விழுந்தது பாதக் கடைகள் மட்டுமில்லை, நவீன மருத்துவமும்தான். 2008-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் இந்த நோய்க்கான 17 பரிசோதனைகளை, மொத்தம் 540 நோயாளிகள், அலசிப் பார்த்தார்கள். அப்போது டாக்டர்கள் வழக்கமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த எதற்கும் உருப்படியான ஆதாரம் தேறவில்லை. ஸ்டீராய்டு களிம்பு, முடி வளரத் தடவும் மினாக்ஸிடில் எல்லாம் அதில் அடக்கம். அதனால் சீனர்களைப் பார்த்து மட்டும் சிரிப்பதற்கு இல்லை.

பாத அழுத்த முறையைப் பற்றியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 2009-ல் 18 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார். எந்த நோய்க்கும் அது நிச்சயமாகப் பலன் தருகிறது என்று சொல்லும்படி இல்லை என்பதே அவர் வந்து சேர்ந்த முடிவு. கட்டைவிரலிலிருந்து மயிர்க்காலுக்குத் தனி நரம்போ தனி ரத்தக்குழாயோ போகவில்லை. பாதத்தில் ரத்த ஓட்டம் கூடுவது உண்மை. ஆனால் கூடிய அந்த ரத்தம் உச்சந்தலையைத் தேடிப் போவதில்லை. போனாலும், புழுவெட்டின் பிரச்சினை ரத்தப் பற்றாக்குறை இல்லை. மொய்க்கும் டி செல்கள்.

தலையிலேயே தேய்ப்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பாக்தாதில் ஒரு குழு வட்டங்களின் மேல் தினம் இரண்டு வேளை வெங்காயச் சாறு தடவிப் பார்த்தது. 2002-ல் வெளியான அந்த ஆய்வில் ஆறு வாரத்தில் 23 பேரில் 20 பேருக்கு முடி வந்தது, வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்குத்தான். சின்ன ஆய்வு. தடவுவது வெங்காயமா தண்ணீரா என்பதை நோயாளியிடம் மறைக்கவும் முடியாது, நாறுமே. 1998-ல் ஸ்காட்லாந்தில் 86 பேரை வைத்து, ரோஸ்மேரி, லாவெண்டர் போன்ற வாசனை எண்ணெய்களைத் தினம் தலையில் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வாசனை எண்ணெய் கலக்காத வெறும் எண்ணெய் தேய்த்தவர்களில் 15 சதவீதம். சீன இஞ்சி, நம்ம வெங்காயமும் மிளகும், பாக்தாத் சாறு எல்லாமே தோலை உறுத்தும் பொருள்கள். டாக்டர்களே சில ரசாயனங்களைத் தடவி வேண்டுமென்றே ஒவ்வாமையைக் கிளப்பி, டி செல்களைத் திசைதிருப்பும் ஒரு சிகிச்சையைச் செய்கிறார்கள். அதன் பக்கத்தில் வைத்தால் இஞ்சிக்கு ஒரு தர்க்கம் கிடைக்கிறது. கட்டைவிரலுக்குக் கிடைக்கவில்லை.

சரி, பாதக் குளியலால் ஒரு பயனும் இல்லையா என்றால், இருக்கிறது. முடிக்கு இல்லை, தூக்கத்துக்கு. பாதம் சூடானால் அங்கே ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பின் உள்சூடு வெளியேறும். உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் பிடிக்கும். கைகால் கதகதப்பாக இருப்பவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று 1999-ல் ஸ்விஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி சூட்டில், பத்து நிமிடம் குளித்தாலோ காலை நனைத்தாலோ போதும் என்கிறது 2019-ல் வந்த ஒரு தொகுப்பு. வட்டம் விழுந்த நாளிலிருந்து கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருக்கும் ஒருவருக்கு, டிவியைப் பார்த்துக்கொண்டு வெந்நீரில் காலை விட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவது நல்லதுதான். அதற்காகப் போகிறேன் என்று போனால் காசு வீணில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று, சர்க்கரை நோயாளிகள். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் தண்ணீர் கொதிப்பது தெரியாது. தோல் வெந்து புண்ணான பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறவும் ஆறாது. நம்ம ஊரில் எந்த வீட்டில் சர்க்கரை இல்லை? சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது வெப்பமானி போட வேண்டும். முட்டியால் அழுத்தும் மசாஜ் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பவர்களுக்கும் அதே பதில்தான்.

இரண்டாவது, பாத வைத்தியத்தோடு சேர்த்து விற்கும் கஷாயப் பொடி. ஹெ ஷோ வூ என்று ஒரு கிழங்கு. பெயரின் அர்த்தமே 'திருவாளர் ஹெயின் கறுத்த தலை'. இதைச் சாப்பிட்டுக் கிழவருக்கு முடி கறுத்ததாம், பிள்ளை பிறந்ததாம். டாங் காலத்திலிருந்தே கதை ஓடுகிறது. முடி சம்பந்தப்பட்ட சீன மருந்துகளில் எங்கும் நிற்கும் பெயர் இது. கல்லீரலைக் கெடுக்கும் என்று பிரிட்டன் 2006-லும், சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2014-லும் எச்சரித்திருக்கின்றன. காலை ஊறவைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். லேபிள் இல்லாத பொடியை வாயில் போடாதீர்கள்.

அப்படியானால் வட்டம் விழுந்தவர் எங்கே போவது? முதலில் ஒரு தோல் டாக்டரிடம், அது புழுவெட்டுதானா என்று உறுதி செய்ய. குழந்தைகளுக்குச் செதிலோடும் அரிப்போடும் வருவது பெரும்பாலும் படர்தாமரை. அதற்குப் பூஞ்சை மாத்திரை வேண்டும், காத்திருந்தால் பக்கத்துக் குழந்தைக்கும் ஒட்டும். புழுவெட்டுதான் என்றால், பெரியவர்களுக்குச் சிறு வட்டங்களில் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வட்டத்திலேயே போடுகிறார்கள். வலிக்கும், ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் பலன் தெரியத் தொடங்கும்.

தலை பாதிக்கு மேல் கொட்டியவர்களுக்கு 2022-ல்தான் முதல்முறையாக ஒரு கதவு திறந்தது. அந்த ஜூனில் அமெரிக்கா பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. டி செல்களைத் தூண்டிவிடும் ஜேக் என்ற சமிக்ஞைப் பாதையை அது அடைக்கிறது. 1,200 பேர் கலந்துகொண்ட இரண்டு பரிசோதனைகளில், 36 வாரத்தில் தலையின் 80 சதவீதத்துக்கு முடி திரும்பியவர்கள் 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 100-க்குச் சுமார் 36 முதல் 39 பேர். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 முதல் 6 பேர். தொற்று, ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல் என்று பக்கவிளைவு எச்சரிக்கைகளும் உண்டு. நிறுத்தினால் மறுபடி கொட்டவும் கூடும். இங்கேயும் போலி மாத்திரைக் குழுவில் சிலருக்கு முளைத்திருப்பதைக் கவனியுங்கள். நோய் இவ்வளவு கடுமையான நிலையில்கூடத் தானாக வருவது கொஞ்சம் இருக்கிறது. சின்ன வட்டத்தில் எவ்வளவு இருக்கும்?

வெங்காயமோ, ஊசியோ, மரத்தொட்டியோ, எதைத் தொடங்குவதாக இருந்தாலும், தொடங்குவதற்கு முன்னால் வட்டத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசைப் பிடித்து யாரையாவது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில், அதே வெளிச்சத்தில், அதே காசோடு இன்னொன்று. விளிம்பில் ஆச்சரியக்குறிகள் எத்தனை என்று எண்ணி ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவை குறையத் தொடங்கியது கார்டு எடுத்த தேதிக்கு முன்னாலா பின்னாலா என்று அந்தப் படங்கள் சொல்லும்.